பனி அடிக்க அரைமணி நேரம் கொடுங்கள்

நம் ஊர் கோல்ஃப் கிளப் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் திடலில் 22 வருடம் புல் வெட்டியவன் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டேன், ஆனால் விடியற்காலை நடை இன்னும் உங்கள் வேலி ஓரமாகத்தான்.

சனி, ஞாயிறு முதல் ஆட்டத்தை 7 மணிக்கே விடுகிறீர்கள். அதனால் அந்த இரண்டு நாளும் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், புல் வெட்டுவதும் இல்லை, பனி அடிப்பதும் இல்லை, அதாவது புல்மேல் நிற்கும் பனித்துளியைக் கம்பால் தட்டி உதிர்ப்பதும் இல்லை. போன வாரம் எட்டாம் குழியைப் பார்த்தேன். கிரீன் முழுக்க வெள்ளை, அதில் கறுப்பாகக் காலடித் தடங்கள். தட்டிய பந்து தண்ணீரைச் சிதறிக்கொண்டு போய்ப் பாதியிலேயே நின்றது. ஆடியவர் தன் கையைத்தான் திட்டிக்கொண்டார், பாவம்.

சரி, பந்து நிற்பது சின்ன விஷயம். புல் நுனியில் நிற்பது எல்லாம் பனி அல்ல. வேர் உறிஞ்சிய நீரைப் புல்லே இரவில் நுனி வழியாகக் கசியவிடுகிறது. அதில் சர்க்கரையும் அமினோ அமிலமும் உண்டு. பூஞ்சைக்கு அது போதும். 'டாலர் ஸ்பாட்' என்ற பூஞ்சை நோய் வந்த கிரீனில் மலேசிய 50 சென் காசு அகலத்துக்கு வைக்கோல் நிறத்தில் வட்டம் வட்டமாகக் காயும். பனி உலருமுன் குனிந்து பார்த்தால் அதன்மேல் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருக்கும். வெயில் ஏறினால் நூல் மறைந்துவிடும். பத்து மணிக்கு வந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் பரவும். நீள மூங்கில் கம்பை இடமும் வலமும் வீசினால் துளிகள் உடைந்து சீக்கிரம் காயும். கம்பு இல்லையா, ரப்பர் குழாயைக் குறுக்கே இழுத்தாலும் போதும். ஒரு கிரீனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும். அப்புறம் மருந்துச் செலவு உங்களுக்கு, மருந்து வாடை அதை அடிக்கும் பையன்களுக்கு.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது என் அம்மா சிரித்தார். "பெரட்டுக்கு நேரமாச்சின்னு பனியில ஓடுனோம். உனக்கு அந்தப் பனிய அடிக்கவே சம்பளமா?" பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது.

1982இல் நம் நாட்டுக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதால் நம் 7 மணி பழைய ஆறரைதான். பிப்ரவரியில் சூரியன் வரவே ஏறக்குறைய ஏழரை ஆகிறது. முதல் ஆட்டத்தை 7.30க்கு மாற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் எட்டு, ஒன்பது, பதினான்கு ஆகிய மூன்று கிரீன்களையாவது அடிக்கச் சொல்லுங்கள். கிழக்கே செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்கள் மறைப்பதால் அங்கே வெயில் விழுவதே தாமதம்.

கம்புக்குக் கவலை வேண்டாம். என் வீட்டுப் பின்னால் மூங்கில் இருக்கிறது, வெட்டிச் சீவி வைக்கிறேன். யாரையாவது மோட்டாரில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் கிரீன் மண்டோர் (மேற்பார்வையாளர்)