தோப்புக்கார மாமாவின் வாய்தாவும் என் மாதச் சந்தாவும்

ஹூஸ்டன், டெக்சாஸ்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் சுகமும், அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா என்பதும் அறிய ஆவல். போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கவுன்ட்டரில் ஆள் நின்றதால் வைத்துவிட்டேன். "துப்பாக்கி வாங்கினது ஒரு செலவு, சரி. அதுக்கு மாசாமாசம் எதுக்குடா பணம் கட்டுற? அதையும் ஏத்திட்டான்னு செல்வி சொல்றாளே" என்று கேட்டீர்கள். முப்பது வருஷம் காக்கி போட்டவருக்கு இதைப் போனில் அவசரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்புக்கு நான் கட்டும் சந்தா அது.

தேர்தல் அறிவித்தால் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைப்பார்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் அட்டைத் துண்டில் பெயரும் நம்பரும் எழுதி, சணலால் குழலில் கட்டிச் சுவரோரம் சாத்தி வைப்பீர்கள். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்த நான் வாசலிலேயே நின்று பார்ப்பேன். மொத்தத் தாலுகாவுக்கும் ஒரு சுவர் போதுமானதாக இருந்தது. துப்பாக்கி என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்: கலெக்டர் ஆபீஸ், லைசென்ஸ், சணல் கட்டு.

இங்கே வேறு. ஹெச்-1பி விசாவில் இருந்த வரை, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டமே விடாது. கிரீன் கார்டு வந்த பிறகு தடையில்லை. பெட்ரோல் பங்க்கையும் ஒட்டியுள்ள சின்னக் கடையையும் வாங்கிய முதல் வருஷமே, எங்கள் சாலையில் இரண்டு கடைகளில் கொள்ளை நடந்தது. பக்கத்து வளாகத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். 4473 என்ற ஒரு படிவம். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யிடம் பின்னணி சரிபார்த்தார். அரை மணி நேரத்தில் டப்பாவோடு வெளியே வந்துவிட்டேன். 2021 செப்டம்பர் முதல், இருபத்தொரு வயதான, சட்டம் தடுக்காத யாரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று டெக்சாஸ் ஆக்கிவிட்டது. நான் உங்கள் பிள்ளை. உரிமம் இல்லாமல் வைத்திருக்க மனசு ஒப்பவில்லை. 40 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்தேன்.

அந்த வகுப்பில்தான் இந்தச் சந்தா விஷயம் ஆரம்பித்தது. பாடம் எடுத்தவர் உங்களைப் போல ஓய்வுபெற்ற போலீஸ்காரர். சுடுவது பற்றிக் கொஞ்சம்தான் பேசினார். மீதி நேரம் முழுக்க, சுட்ட பிறகு என்ன நடக்கும் என்பதையே சொன்னார். பலகையில் ஒரு கோடு போட்டார். முதல் புள்ளி குண்டு. அடுத்தது போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொள்வது. அப்புறம் விசாரணை, கைதானால் ஜாமீன். இங்கே ஜாமீனுக்கென்றே தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஜாமீன் தொகையில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் நிரபராதி ஆனாலும் அது திரும்பாது. அதற்கடுத்து கிராண்ட் ஜூரி. பன்னிரண்டு பேர், சாதாரண ஜனங்கள். அதில் ஒன்பது பேர் சரி என்றால்தான் வழக்கு மேலே போகும். உள்ளே உங்கள் வக்கீல் வர முடியாது, ஆனால் அவர் தயாரிக்கும் காகிதங்களை அங்கே சேர்க்க வைக்கலாம். அந்தக் காகிதத்துக்கே வக்கீல் வேண்டும். கோட்டின் கடைசிப் புள்ளி, சுடப்பட்டவரின் குடும்பம் போடும் நஷ்டஈட்டு வழக்கு. தன்னைக் காத்துக்கொள்ளச் சுட்டது சட்டப்படி நியாயம் என்றால் அந்த வழக்கிலிருந்தும் டெக்சாஸ் சட்டம் காக்கும். ஆனால் நியாயம்தான் என்று ஒரு நீதிபதி முன்னால் காட்ட வேண்டுமே.

எனக்கு அப்போது தோப்புக்கார மாமாதான் கண் முன்னால் வந்து நின்றார்.

களக்காட்டில் பன்றி விரட்ட வாங்கிய ஒற்றைக்குழல். ராத்திரி தேங்காய் திருட வந்தவன் அரிவாளை ஓங்க, மாமா சுட, அவன் காலில் ரவை. சட்டத்தில் தற்காப்புக்கு இடம் இருக்கிறது, இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 96-லிருந்து 106 வரை படித்துப் பார் என்று நீங்களே அவருக்குச் சொன்னீர்கள். உண்மைதான். கடைசியில் விடுதலையும் ஆனார். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி நாங்குநேரிக்கு வந்து, நம் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் மோர் வாங்கிக் குடிப்பார். ஒரு கோடையில் கிணற்றடி வயலை விற்றார். இன்னொரு வருஷம் தோப்பில் கீழ்ப்பாதி போனது. தீர்ப்பு வந்த அன்று யாரும் சந்தோஷப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமாவுக்கு நடந்தது எனக்கு நடக்கக்கூடாது என்றுதான், வகுப்பு முடிந்ததும் அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் கையெழுத்துப் போட்டேன். இது ஒரு சங்கம் மாதிரி. மாதச் சந்தா கட்டினால், தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுக்க நேர்ந்த அந்த ராத்திரியே போன் பண்ணலாம், வக்கீல் வருவார், அவர் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த நாட்டில் இப்படிப் பல அமைப்புகள் இருக்கின்றன. சில காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசியைப் பின்னால் வைத்து நடத்துபவை. சில, வக்கீல் சேவைக்கு முன்கூட்டியே பணம் வாங்குபவை. சில, உறுப்பினர்கள் பணத்தை ஒரு பொது நிதியில் போட்டு அதிலிருந்து கொடுப்பவை. நிபந்தனைகள் ஒவ்வொன்றிலும் வேறு.

நான் சேர்ந்தபோது மாதம் 11 டாலர். செல்வியும் கவுன்ட்டரில் நிற்கிறாள், அதனால் அவளையும் சேர்த்தேன், 20 ஆனது. ஜாமீன் செலவுக்குத் தனி, வேறு மாநிலத்துக்குப் போனால் அதற்குத் தனி. போன மாதம் வந்த கடிதத்தில் எல்லாம் சேர்த்து 38 என்று போட்டிருந்தார்கள். வருஷத்துக்கு 456 டாலர், நம் கணக்கில் 38,000 ரூபாய்க்கு மேல். காரணமாக ஒரே வரி: சட்டச் செலவுகள் கூடிவிட்டன.

அந்த வரி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே வக்கீல்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். கொலை வழக்கு என்றால் தடயம் பார்க்கிற நிபுணர், குண்டு போன பாதையைச் சொல்கிற நிபுணர், எல்லோருக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். துப்பாக்கி வாங்குபவர்களும் பெருகிவிட்டார்கள். கொரோனா வந்த 2020-இல் மட்டும் எஃப்.பி.ஐ. பதிவு செய்த பின்னணிச் சோதனைகள் 3.9 கோடிக்கு மேல்.

அதோடு இந்தத் தொழிலுக்குக் காப்பீடு கொடுக்கவே கம்பெனிகள் யோசிக்கின்றன என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு கதை உண்டு. 2017-இல் என்.ஆர்.ஏ. என்ற தேசிய ரைஃபிள் சங்கம் 'கேரி கார்டு' (Carry Guard) என்று இதே மாதிரி ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. வேண்டுமென்றே செய்த செயலுக்குக் காப்பீடு தருவது எங்கள் சட்டத்துக்கு விரோதம் என்று நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை பிடித்துக்கொண்டது. 2018-இல் அதை நடத்திய லாக்டன் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனம் 70 லட்சம் டாலரும், காப்பீடு கொடுத்த 'சப்' (Chubb) என்ற கம்பெனியின் கிளை 13 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. அந்தத் துறையின் தலைவராக இருந்தவர் காப்பீட்டுக் கம்பெனிகளை மிரட்டியதாக என்.ஆர்.ஏ. போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் அந்த வழக்கு நடக்கலாம் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். இந்த மாதிரித் திட்டங்களுக்கு எதிர்ப்பவர்கள் வைத்த பெயர் 'கொலைக் காப்பீடு'. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். மாமா கொலைகாரரா அப்பா?

ஆனால் எதிர்ப்பவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒருவன் விரலைச் சீக்கிரம் அழுத்திவிட்டால்? அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தடவை புதுப்பிக்கும் முன் முழுக் காகிதத்தையும் படித்துவிடுவோம் என்று செல்வி உட்கார்ந்தாள். கதிர் தூங்கின பிறகு சமையலறை மேஜையில், அவனுடைய ரோஸ் கலர் மார்க்கரை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கோடு போட்டாள். சட்டபூர்வமான தற்காப்பு என்றால் மட்டும் பொருந்தும் என்று ஒரு இடம். சட்டபூர்வமா இல்லையா என்று முதலில் முடிவு செய்வது யார் என்று பார்த்தால், அவர்கள்தான். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் அதுவரை செலவழித்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்று இன்னொரு இடம். வக்கீல் செலவு உண்டு, நஷ்டஈட்டுத் தொகை கிடையாது. குறி தவறி அந்த வழியே போன யார் மேலாவது குண்டு பட்டால் என்ன என்பதற்கு மூன்று தடவை படித்தும் எங்களுக்கு விடை கிடைக்கவில்லை. மணி ஒன்றரைக்கு மார்க்கரை மூடி வைத்துவிட்டு, "இதைத்தான் நாம அஞ்சு வருஷமா படிக்காம கட்டினோமா?" என்றாள்.

எனக்கு இதில் மிகவும் வலிக்கிற விஷயம் வேறொன்று. எதிர் வளாகத்தில் மதுக்கடையில் ராத்திரி வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், கறுப்பினத்தவர், அறுபது தாண்டியவர். காலையில் வீட்டுக்குப் போகும்முன் என் கடையில் காபி குடிப்பார். அவரும் அதே சந்தாவில்தான் இருந்தார். விலை ஏறியதும் நிறுத்திவிட்டார், துப்பாக்கியை நிறுத்தவில்லை. "நான் என்ன செய்வது, கடைக்குள் நான் தனியாகத்தானே நிற்கிறேன்" என்றார். பெரிய வீட்டில் அலாரமும் வாசலில் காவலாளியும் வைத்திருப்பவன் 38 டாலரை யோசிக்காமல் கட்டுகிறான். துப்பாக்கி எடுக்க நேர்ந்தால் வக்கீல் தேவைப்படப் போவது இந்தப் பெரியவருக்கு. வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பெரியவருக்கு உதவலாம். எங்களைப் போலக் கடனில் ஒரு கடையும் வீடும் வைத்திருப்பவனை ஏழை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எல்லாவற்றையும் விற்ற பிறகு வேண்டுமானால் ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஜனவரியில் ஒரு ராத்திரி ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு வந்தான். ஒரு கை பாக்கெட்டுக்குள். சிகரெட் கேட்டான், காசு கொடுக்கவில்லை. என் கை கவுன்ட்டருக்கு அடியில் போய்விட்டது. இந்த மாநிலச் சட்டத்தில், ராத்திரி நேரத் திருட்டைத் தடுக்கக்கூடச் சில நிபந்தனைகளோடு சுட இடம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது பலகையில் போட்ட கோடும் திண்ணையில் கிடந்த செருப்பும்தான். கையை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தேன். இரண்டு கட்டு சிகரெட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் பாக்கெட்டில் என்ன இருந்தது என்று இன்று வரை தெரியாது. இருபது வயதுகூட இருக்காது அப்பா அவனுக்கு.

இப்போது முடிவுக்கு வந்திருக்கிறோம். கடையைப் பத்து மணிக்கே சாத்துகிறோம். முன்பு நள்ளிரவு வரை திறந்திருக்கும். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பரவாயில்லை. கவுன்ட்டருக்குக் குண்டு துளைக்காத கண்ணாடித் தடுப்பு போட ஆள் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறான். கல்லாவில் நூறு டாலருக்கு மேல் சேர்ந்தால், எங்களாலேயே திறக்க முடியாத பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். வெளிமாநிலச் சந்தாவை வெட்டிவிட்டேன், பேர்லாந்து மீனாட்சி கோவிலைத் தாண்டி நாங்கள் எங்கே போகிறோம்? மீதியை ஒரு வருஷத்துக்குக் கட்டலாம் என்று செல்வி சொல்கிறாள். அதே பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைக்கலாமா என்று எனக்கு யோசனை. ஆனால் இந்தப் பணம் சேர்ந்து ஒரு வழக்கு நடத்தும் அளவு வருவதற்குள் கதிருக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

புதுப்பிக்க வேண்டிய தேதி அடுத்த மாதம் 15. அதற்குள் ஒரு உதவி செய்யுங்கள். தோப்புக்கார மாமா மகனைப் பார்த்து, அந்த வழக்குக்கு மொத்தம் எவ்வளவு ஆனது, எத்தனை வாய்தா, எத்தனை வருஷம் என்று விசாரித்து எழுதுங்கள். மாமா ஒரு நீல நோட்டில் பஸ் காசு முதல் குமாஸ்தா செலவு வரை எழுதி வைத்திருந்தார். அது அவர்கள் வீட்டில் இன்னும் இருந்தால் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குத் தைலம் பார்சலில் போட்டிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்,
முருகன்