பத்தொன்பதாம் நாள்

அன்புள்ள மகனுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ சொன்னதையே இரவெல்லாம் அசைபோட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு மன உறுதியே கிடையாது அம்மா, நான் பிறந்ததே அப்படித்தான்" என்றாய். பெற்றவளிடமே இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராதா? வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதிகாலை ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் ஓடுவது, இரவில் கைபேசியைத் தொடாமல் இருப்பது, மாதம் மூன்று புத்தகங்கள் படிப்பது. நான்கையும் ஒரே நாளில் தொடங்கி 18 நாட்கள் இழுத்துப் பிடித்திருக்கிறாய். 19ஆம் நாள் காய்ச்சல். அன்றோடு நான்கையும் மூட்டை கட்டிவிட்டாய். காய்ச்சலில் ஓட முடியாது, எழ முடியாது, சரி. புத்தகத்தையும் கைபேசியையும் விட்டுவிடச் சொன்னது யார்? 'நனைந்த பின் முக்காடு எதற்கு' என்கிற அந்தப் பழைய சமாதானம்தான். எனக்குத் தெரிந்து, ஒரு நாள் தவறியதால் கெட்ட தீர்மானங்களைவிட இந்த ஒரு வாக்கியத்தால் கெட்டவைதான் அதிகம்.

உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். உனக்கு ஏழு வயது. நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் கத்தத் தொடங்கிவிடுவேன். சிதறிக் கிடக்கும் செருப்பு, முடிக்காத வீட்டுப்பாடம், ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். ஒரு நாள் மாலை நீ உன் பொம்மைக் கரடியை உட்காரவைத்து, "எத்தனை தடவை சொல்வது உனக்கு?" என்று மிரட்டிக்கொண்டிருந்தாய். என் சொற்கள், என் குரல், இடுப்பில் கை வைத்த விதம்கூட என்னுடையதே. அன்றிரவு உன் தலைமாட்டில் உட்கார்ந்து, இனி கத்தவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மயான வைராக்கியம் என்பார்களே, அந்த ரகம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் அது காற்றில் போயிற்று.

பிறகு நான்கு வருடங்கள் இதே கதை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும், உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புதிய சத்தியம். உடைந்ததும் ஒரு வாரம் என்னையே கரித்துக்கொட்டுவேன். அந்தக் கரிப்பையும் சேர்த்து உன் மேல்தான் கொட்டினேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு நாள் சத்தியத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கவனித்தேன். நான் கத்தியதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைந்த முதல் கால் மணி நேரத்தில்தான். தோளில் பை இருக்கும், தொண்டை இறுகும், அடுத்த நொடி குரல் வெடிக்கும். ஆகவே, தொண்டை இறுகியதும் பின்னறைக்குப் போய்க் கொடியிலிருந்து எடுத்துப் போட்ட துணியில் ஐந்து உருப்படிகளை மடிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஏன் துணி? அது ஒன்றுதான் நம் வீட்டில் எப்போதும் காத்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் பத்துக்கு மூன்று தடவை போனேன். மற்ற ஏழு தடவை வழக்கம்போலக் கத்தல். ஆனால் அடுத்த வாரமும் துணி இருந்தது, நானும் போனேன். "சண்டை நடுவில் ஏன் அம்மா துணி மடிக்கப் போகிறாய்?" என்று பதினொரு வயதில் நீ கேட்டது நினைவிருக்கிறதா? எதையோ சொல்லி மழுப்பினேன். அலமாரி திடீரென்று ஒழுங்கானதில் அப்பாவுக்கு மட்டும் ஏக மகிழ்ச்சி. காரணத்தை அவர் இன்றுவரை கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்' என்று இடத்தையும் நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே 'செய்வேன்' என்பவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இலேயே எழுதியிருக்கிறார். சிக்கலான நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை; அந்தச் சூழலே செயலை நினைவூட்டிவிடும். சுவீடனில் சுமார் ஆயிரம் பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 'ஒன்றைச் செய்வேன்' என்று தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். 'ஒன்றைச் செய்ய மாட்டேன்' என்றவர்களில் 47 சதவீதம். கத்த மாட்டேன் என்பதில் கைக்கு ஒரு வேலையும் இல்லை. மடிப்பதில் இருக்கிறது. உன் 'கைபேசியைத் தொட மாட்டேன்' என்பதையும் அப்படித் திருப்பிப் போடு. படுக்கைக்குப் போகுமுன் அதை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வா, போதும்.

21 நாள் தாண்டினால் பழகிவிடும் என்று எங்கோ படித்ததாகவும், இன்னும் மூன்றே நாள் இருக்கும்போது கோட்டைவிட்டதாகவும் புலம்பினாய். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், அறுவைக்குப் பின் தம் நோயாளிகள் கண்ணாடியில் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது, எண் மட்டும் உன் கைபேசி வரை வந்து சேர்ந்திருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தவர்கள், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாளாகும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் அதற்குள் பழகிவிடும் அளவு, 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254! தண்ணீர் குடிப்பது போன்ற எளியவை சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. இந்தக் கடைசி வரியை நான் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1980களில் அமெரிக்காவில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை ஜான் நார்கிராஸ் என்ற உளவியலாளர் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 சதவீதம், இரண்டு ஆண்டு நிலைத்தவர்கள் 19 சதவீதம். நீ அந்த 19ஐப் பார்த்து மனம் சோர்வாய், உன்னைத் தெரியும். ஆனால் வென்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவில் சறுக்கியவர்கள். இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 14 தடவை! நீ ஒரு தடவைக்கே கடையைச் சாத்திவிட்டாய்.

விடாமல் தொடர்ந்த நாட்களை எண்ணும் உன் கைபேசிச் செயலி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் விட்டால் பூஜ்யம் காட்டுகிறதாமே. பொய். 18 நாள் ஓடிய கால்கள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. எண்ணியே ஆக வேண்டுமானால், இந்த மாதத்தில் எத்தனை நாள் என்று எண்ணு.

ஒரே நேரத்தில் நான்கு என்பதும் வேண்டாம். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் குறிப்பாகக் கருத்தை வைத்தார். அப்படியும் பொருட்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் கடைசிவரை தமக்குக் கைவரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள். அளவை உன் மிக நல்ல நாளைக்கொண்டு வைக்காதே, மிக மோசமான நாளைக்கொண்டு வை. தூக்கமில்லாத நாளில் உன்னால் எது முடியும்? ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடக்க முடியுமா? அதுதான் உன் தீர்மானம். அதற்கு மேல் ஓடினால் லாபம். காய்ச்சல் நாளில் அதுவும் வேண்டாம், படுத்துத் தூங்கு. காய்ச்சல் விட்ட மறுநாள் காலை ஷூ எங்கே இருக்கும் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவை.

கத்தாமல் இருப்பது எனக்கும் இன்னும் முழுதாகக் கைவந்துவிடவில்லை. போன மாதம் மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது அப்பாவிடம் ஒரு பாட்டம் கத்தினேன். கண்ணாடி என் தலையில்தான் இருந்தது.

நேற்று "நான் பிறந்ததே அப்படித்தான்" என்று நீ சொன்னதும், "இரு, வருகிறேன்" என்று தொலைபேசியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனேன் அல்லவா? அடுப்பை அணைக்கப் போனதாக நீ நினைத்திருப்பாய். அப்பாவின் சட்டை இரண்டு, என் புடவை ஒன்று, துண்டு இரண்டு. அதன் பிறகுதான் வந்து பேசினேன்.

அன்புடன்,
அம்மா