கைத்தொழிலுக்குச் சாட்சி

சாட்ஸ்வர்த், டர்பன்
ஆகஸ்ட் 12

அன்பு நண்பன் முனுசாமிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மகள் வயிற்றுப் பேரன் கல்லூரிப் படிப்பு வேண்டாம், வெல்டிங் கற்கப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருப்பதாகவும் எழுதி, ஆயுளில் பாதியை இரும்போடு கழித்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்டிருந்தாய். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணமும் ஏறக்குறைய அதே விஷயம்தான். மூன்று மாதமாக என் தங்கை மகன் தனபாலனுக்குத் தொழிற்சான்றிதழ் பெற்றுத் தரும் அலைச்சலில் இருக்கிறேன்.

தனபாலனை நீ மறந்திருக்க மாட்டாய். ஈசிபிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய், உன் தோளில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்த பையன் அவன்தான். இப்போது அவனுக்கு 49 வயது. 26 ஆண்டுகளாகப் பாய்லர்மேக்கர் வேலை செய்கிறான். கரும்பு அரைக்காத ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் ஆலை ஆலையாகச் சென்று, தேய்ந்த குழாய்களை மாற்றுவதும், தகட்டை வளைத்துத் தொட்டி கட்டுவதும், ஒழுகும் மூட்டுகளைப் பற்றவைப்பதும் அவன் பிழைப்பு. அவனுக்கு அதிகம் வேலை தந்த ஆலை மூடப்பட்ட பிறகு எங்கே போய் நின்றாலும், 'ரெட் சீல் இருக்கிறதா?' என்பதே முதல் கேள்வியாக இருந்தது. தொழில் தேர்வில் தேறிய கைவினைஞருக்குத் தரும் சான்றிதழை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவனிடம் அது இல்லை.

பழகுநராகச் சேராமல் அனுபவத்தாலேயே தொழில் கற்றவர்களுக்கு இங்கே ஏ.ஆர்.பி.எல்., அதாவது ஏற்கெனவே கற்ற திறனை அங்கீகரிப்பது, என்றொரு வழி உண்டு. முதலில் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும்; பிறகு நேரில் கேள்வி கேட்டும், வேலை செய்யச் சொல்லியும் மதிப்பிடுகிறார்கள்; குறை தெரியும் பகுதிக்கு மட்டும் பயிற்சி தந்து, அதன்பின் எல்லாப் பழகுநர்களும் எழுதும் அதே டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வுக்கு அனுப்புகிறார்கள். சான்றிதழிலும் வேறுபாடு கிடையாது. காகிதத்தில் படிக்கையில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் நாங்கள் மாட்டிக்கொண்டது கோப்பில்தான். அவனை 11 ஆண்டுகள் வேலை வாங்கிய காண்டிராக்டர் கடையைக் கட்டிவிட்டார். தேடிப் போனால், அந்த முகவரியில் டயர் விற்கிறார்கள். அதன் பிறகு அவனை ஆலைகளுக்கு அனுப்பிய ஆள் பிடிக்கும் நிறுவனம் கேட்டவுடன் கடிதம் தந்தது. அதில் அவன் 'பொது வேலையாள்' என்று இருந்தது. ஏனென்று கேட்டதற்கு, சம்பளச் சீட்டில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றார் அங்கிருந்த பெண்மணி. கைவினைஞன் என்று எழுதியிருந்தால் கைவினைஞனுக்கான கூலி தந்திருக்க வேண்டுமே! நீராவி அழுத்தத்தைத் தாங்கும் கலத்தைப் பற்றவைத்தவனை, குப்பை கூட்டுபவனாகக் கணக்கில் காட்டி, அந்தக் கணக்கையே இன்று அவனுக்கு எதிரான சாட்சியாக நீட்டுகிறார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற இரண்டு போர்மேன்களைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கி, அவன் மனைவி பழைய கைபேசியில் பத்திரப்படுத்தியிருந்த படங்களையும் சேர்த்துத்தான் கோப்பை நிரப்பினோம்.

இந்த அலைச்சலில் நம் காலம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஒப்பந்தக் கூலியாக 1890-இல் நேட்டாலுக்கு வந்தவரான எம். எல். சுல்தான் பெயரில் 1946-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வகுப்புகளில், நீயும் நானும் எண்ணெய்க் கறை படிந்த கையோடு உட்கார்ந்து என்.டி.சி. என்ற தேசியத் தொழில்நுட்பச் சான்றிதழின் இரண்டாம் நிலை தேறினோம். வகுப்பறை நமக்குத் திறந்திருந்தது, பட்டறைதான் திறக்கவில்லை. பழகுநர் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் பழகுநர் ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்திட்டால்தானே சேர முடியும்? நான் ஏறி இறங்கிய ஐந்து இடங்களில் ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கும் ஆங்கிலத்தில் 'இண்டெஞ்சர்' என்றுதான் பெயர். கரும்புத் தோட்டத்துக்கான இண்டெஞ்சரைக் கேட்காமலேயே நம் பாட்டன்மாருக்குக் கொடுத்தவர்கள், லேத்துக்கான இண்டெஞ்சரைக் கெஞ்சியும் நமக்குத் தரவில்லை என்று நீ அப்போது சொல்லிச் சிரித்தது என் காதில் இன்னும் இருக்கிறது.

தொழிலாளர் சட்டங்களை ஆராய்ந்த வீஹான் ஆணையத்தின் 1979 அறிக்கைக்குப் பிறகு, 1981-இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, அனுபவம் உள்ளவர்கள் நேரடியாகத் தேர்வு எழுத இடம் தந்தது. அதன்படி 1983-இல், 35 வயதில், இரவு ரயிலேறி, அரசின் தொழில் தேர்வு நிலையம் இருந்த ஒலிஃபான்ட்ஸ்ஃபொன்டைனுக்குச் சென்றேன். தேர்வாளர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மேஜை எண்ணைக் கேட்டார், நான் அராவி முடித்த துண்டை வாங்கி மைக்ரோமீட்டரில் அளந்தார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். அந்த அலட்சியம் எனக்கு எவ்வளவு பெரிய மரியாதையாகத் தோன்றியது என்பதை வேறு யாருக்கும் விளக்க முடியாது, உனக்குப் புரியும். ஆகவே சான்றிதழ் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. அளக்கும் இடம் நேர்மையாகத்தான் இருக்கிறது. அந்த இடம்வரை போய்ச் சேர ஒரு முதலாளியின் கையெழுத்து வேண்டியிருக்கிறது என்பதே அன்றும் இன்றும் வழக்கு.

திறன் மேம்பாட்டுச் சட்டம் 1998-இல் வந்தது. அதற்கடுத்த ஆண்டின் லெவி (பயிற்சித் தீர்வை) சட்டப்படி, ஆண்டுச் சம்பளப் பட்டியல் ஐந்து லட்சம் ரேண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் ஒரு சதவீதத்தைப் பயிற்சிக்காகச் செலுத்துகின்றன. பணம் இருக்கிறது, செட்டா என்ற பெயரில் துறைவாரியாக அமைப்புகளும் இருக்கின்றன. 2030-க்குள் ஆண்டுக்கு 30,000 கைவினைஞர்களை உருவாக்க வேண்டும் என்ற தேசியத் திட்டமும் இருக்கிறது. தனபாலனைப் போல ஏற்கெனவே உருவாகி நிற்பவர்களைக் கணக்கில் சேர்த்தாலே அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகப் போகட்டும். உங்கள் மொரீஷியஸ் தீவில் எம்.ஐ.டி.டி. என்ற அரசு நிறுவனத்தின் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பழகுநர் திட்டமும் உண்டு. தெரிந்தவர் பட்டறையில் சும்மா சேர்த்துவிடலாம் என்று உன் மருமகன் சொல்வதை மட்டும் ஏற்காதே. சேரும் நாளிலேயே தொழிலின் பெயர் எழுதிய நியமனக் கடிதம் வாங்கச் சொல். எந்தத் தேதியில், எந்தத் தகட்டில், என்ன வேலை செய்தான் என்று ஒரு நோட்டில் எழுதி, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கட்டும். வாரக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

தனபாலனின் மதிப்பீடு போன வாரம் முடிந்தது. பற்றவைப்பில் ஒரு குறையும் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்துத் தகட்டின் விரிப்பை, அதாவது வளைப்பதற்கு முன் தட்டையாக வெட்ட வேண்டிய வடிவத்தை, கணக்கிடுவதில் மட்டும் பயிற்சி வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டும் கண்ணளவிலேயே வெட்டிப் பழகியவன். டெஸ்ட் அடுத்த மாதம். இதை எழுதும்போது அவன் என் சாப்பாட்டு மேஜையில் காம்பஸை வைத்துக்கொண்டு, காலி அட்டைப் பெட்டிகளை வெட்டிக் கூம்பு செய்துகொண்டிருக்கிறான். இரண்டு சரியாகப் பொருந்திவிட்டன. மூன்றாவதை மறுபடியும் வெட்டுகிறான்.

என்றும் அன்புடன்,
குப்புசாமி