இசைச் செயலிகளை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை இன்று உங்கள் மென்பொருளே கவனித்துக்கொள்கிறது. அங்கே மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று பதிவை உள்ளபடி தருகிறது. மற்ற இரண்டும் பதிவை மாற்றுகின்றன. அமைப்புப் பக்கத்தில் இவை அருகருகே பொத்தான்களாக இருப்பதால், கேட்பவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

உள்ளபடி தருவது 'கேப்லெஸ்', அதாவது தடங்களுக்கு நடுவே இடைவெளி விழாமல் இசைப்பது. எம்பி3 கோப்பில் ஒலி 1152 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட சட்டகங்களாக அடுக்கப்படுகிறது. பெரும்பாலான பாடல்கள் அந்தக் கணக்கில் மிச்சமின்றி முடிவதில்லை என்பதாலும், ஒலியை எம்பி3 ஆக்கும் குறியாக்கம் தன் பங்குக்குச் சிறு தாமதத்தைச் சேர்ப்பதாலும், தடத்தின் இரு முனைகளிலும் நூலளவு மௌனம் ஒட்டிக்கொள்கிறது. அது எவ்வளவு என்பதை லேம் போன்ற குறியாக்கிகள் கோப்பிலேயே எழுதிவைக்கின்றன; செயலி அதைப் படித்து நீக்கினால் போதும். நீக்காவிட்டால், ராகமும் தானமும் பல்லவியும் தனித்தனித் தடங்களாக வெளியான கச்சேரிப் பதிவில் தம்புரா ஒவ்வொரு எல்லையிலும் அறுந்து அறுந்து ஒலிக்கும். ஆகவே இதை விருப்பத் தேர்வாக வைக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

'கிராஸ்ஃபேட்' வேறு வகை. ஒரு பாடலைத் தணித்தபடியே அடுத்ததை ஏற்றுவது அது. ஸ்பாட்டிஃபையில் 12 நொடிவரை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, 2025இல் ஐஓஎஸ் 26உடன் ஆப்பிள் மியூசிக்கில் வந்த 'ஆட்டோமிக்ஸ்' போன்றது: பாடலின் வேகத்தைக் கணித்து, காலத்தை நீட்டியோ சுருக்கியோ இரண்டின் தாளத்தையும் பொருத்துகிறது. 1960களின் இறுதியில் நியூயார்க் நடன விடுதியில் டி.ஜே. பிரான்சிஸ் கிராசோ இதைக் காதாலும் கையாலும் செய்தார். ஆனால் எந்த இசைத்தட்டுக்குப் பின் எது வரலாம் என்பதையும் அவரே தேர்ந்தார். உங்கள் மென்பொருளோ, நான் சேர்த்துவைத்த வரிசையில் எது வந்தாலும் இணைத்தாக வேண்டியிருக்கிறது.

ஆலாபனையிலும் விருத்தத்திலும் தாளமே கிடையாது. அங்கே எதனோடு எதைப் பொருத்துவது? ஒரு கட்டைச் சுருதியில் பாடியவரின் முடிவின் மேல் ஒன்றரைக் கட்டைக்காரரின் தொடக்கம் ஏறினால், அரை சுரம் தள்ளிய இரண்டு தம்புராக்கள் சில நொடிகள் மோதுகின்றன. ஒலியளவை எவ்வளவு பக்குவமாகத் தணித்தாலும் அந்த மோதல் மறையாது. திரைப்பாடல்களில் முகப்பிசை என்பது பாட்டின் வாசல் மட்டுமன்று, இசையமைப்பாளர் அளந்து வைத்த பகுதி. 12 நொடிக் கலப்பில் முதலில் பலியாவது அதுதான். (கொண்டாட்டங்களில் குத்துப்பாட்டுகளை இப்படிக் கோத்துவிடுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அங்கே அது சுகமாகவே இருக்கிறது.)

ஆகவே, பாடல்களைக் கலப்பதைச் செயலி முழுமைக்குமான ஒரே அமைப்பாக வைக்காமல் பிளேலிஸ்ட்தோறும் தனித்தனியே தேர்ந்துகொள்ள வழி செய்யுங்கள். இந்தத் தடத்தின் முனைகளைத் தொடக்கூடாது என்று பதிவை வெளியிடுவோரே குறித்து அனுப்பும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அந்தக் குறிப்பு கேட்பவரின் அமைப்பைவிட மேலானதாக இருக்கட்டும். தாளத்தை உறுதியாகக் கணிக்க முடியாத இடத்தில் மென்பொருள் ஊகிக்காமல் பாடலை முழுதாக முடியவிட வேண்டும். கலப்பு இயங்கும்போது, அது இயங்குகிறது என்று திரையில் ஒரு சிறு அடையாளமாவது காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் ஒரு ரசிகர்