ஏப்ரல் மாசத்து பயம்

தம்பி,

சாப்டியா? கோதுமைல துரு நோய் பத்தி படிக்கறேன்னு நீ சொன்னதுலேர்ந்து, நீ இருக்கற இத்தாலில பழைய ஆளுங்க இதுக்கு என்ன பண்ணிருப்பாங்கன்னு எனக்கு ஒரே யோசனை, அப்பாவும் நானும் தேடித்தேடி படிச்சோம். ஏப்ரல் வந்தாலே ரோம்காரங்களுக்கு பயம்தான்டா. கதிர் வயல்ல நிக்குது, வீட்டுக்கு இன்னும் ஒரு மணி கூட வரல.

15ஆம் தேதி டெல்லுஸ்னு பூமித்தாய்க்கு சினைப்பசுவ பலி கொடுத்து, வயித்துக் கன்னுக்குட்டிய எரிச்சு சாம்பல வெஸ்டாங்கற அடுப்பு சாமி கோயில் கன்னிப்பொண்ணுங்க எடுத்து வச்சுப்பாங்களாம். படிக்கறப்பவே வயிறு கலங்கிடுச்சு. அந்த சாம்பல் 21ஆம் தேதி பரிலியாங்கற மேய்ப்பர் திருவிழாவுக்குத்தான், கூடவே குதிரை ரத்தம், மொச்சைத் தட்டை எல்லாம் சேத்து புகை போடுவாங்க. ஆடு மேய்க்கறவங்க பட்டிய பெருக்கி தண்ணி தெளிச்சு, ஆட்டுக்கு கந்தகப்புகை காட்டி, அப்புறம் வைக்கோல் நெருப்ப தாண்டுவாங்க. ஓவிட்னு கவிஞர், தானே மூணு நெருப்பு வரிசையா தாண்டுனேன்னு எழுதிருக்காரு. ரோம் பிறந்தநாளும் அன்னிக்குத்தான்.

உன் சப்ஜெக்ட் 25ஆம் தேதி வருது, ரொபிகாலியாங்கற திருவிழா. துருவுக்குன்னே ஒரு சாமி, ரொபிகுஸ். ஓவிட் நோமென்டும் ஊர்லேர்ந்து திரும்பறப்ப வழில வெள்ளை உடுப்பு கூட்டம், பூசாரி நாய் குடலையும் ஆட்டுக்குடலையும் நெருப்புல போட போறாரு. பயிர விட்டுடு, வேணும்னா வாளையும் ஈட்டியையும் தின்னு, ஊருக்கு அதெல்லாம் தேவையில்லன்னு வேண்டிக்கிறாரு. ஊரெல்லாம் படையெடுத்த ஜனம் இப்படி வேண்டிருக்கு பாரு! நாய் எதுக்குன்னு ஓவிட் கேட்டா, பூசாரி வானத்துல நாய் நட்சத்திரம் இருக்கு, அதுக்கு பதிலா இதுன்னாராம். எனக்கு அந்த பதில் ஒட்டவே இல்ல, பாவம் அந்த நாய்.

ஆனா நாள் பாத்து வச்சதுல விஷயம் இருக்குடா, பயிர்ல துரு பிடிக்கற சமயம் அதுதான்னு பிளினின்னு அந்தக்கால ரோம் எழுத்தாளரும் எழுதிருக்காரு. சாமி கோவம் இல்ல, பூஞ்சைதான்னு உங்க இத்தாலிலயே ஃபொன்டானா, டார்ஜியோனி டொசெட்டின்னு ரெண்டு பேர் தனித்தனியா 1767ல எழுதி வச்சாங்களாம், இது உனக்கே தெரிஞ்சிருக்கும், அப்பாதான் எழுதச் சொன்னாரு.

உங்க கோதுமை வயல்ல இந்த வருஷம் துரு இறங்கிருச்சா? மருந்து அடிக்கறப்ப மாஸ்க் போட்டுக்கோ, ஞாயித்துக்கிழமை போன் பண்ணு.

அம்மா