நுண்ணெழுத்து ஓவியம் தடையால் பிறந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொடிப்பொடி எபிரேய எழுத்துகளால் படம் தீட்டும் யூதக் கலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதற்காக முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் மையக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உருவம் வரைய மதம் தடை விதித்ததால்தான் யூதர்கள் எழுத்துக்குள் படத்தை ஒளித்தார்கள் என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாக இருக்கிறது. பழைய சுவடிகள் வேறு கதை சொல்கின்றன.

இந்தக் கலை மசோராவிலிருந்து வந்தது. யூதர்களின் வேதமான எபிரேய பைபிளில் ஓர் எழுத்துகூட மாறிவிடக் கூடாது என்று கலிலேயக் கடலோரத் திபேரியா போன்ற ஊர்களில் அறிஞர்கள் காவல் இருந்தார்கள். ஒரு சொல் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கூட்டலில் எத்தனை இடத்தில் வருகிறது, ஒரு நூலில் எத்தனை வசனம் என்று எண்ணிக் குறித்து வைத்தார்கள். வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் 1534 வசனங்கள் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் குறிப்புகள்தான் மசோரா. அவ்வளவையும் பக்க ஓரத்தில் அடக்க வேண்டும் என்றால் எழுத்தைப் பொடியாக்காமல் முடியாது. பொடியான வரியைச் சும்மா நேர்க்கோட்டில் விடாமல் வளைத்தார்கள், பின்னினார்கள். யூதர்களின் ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா சுருளில், அதாவது வேதத்தின் முதல் ஐந்து நூல்களின் சுருளில், இதற்கெல்லாம் இடமில்லை. அதில் உயிர்க்குறிகூடக் கிடையாது. தைத்த ஏடுகளில்தான் மசோரா எழுதினார்கள், படமும் அங்கேதான் வந்தது.

கெய்ரோவில் சாமுவேல் பென் யாக்கோபு எழுதிய லெனின்கிராட் சுவடியைக் கட்டுரை குறிப்பிடாதது எனக்குப் பெரிய ஏமாற்றம். 1008-ஐ ஒட்டிய காலத்தது. முழுமையாகக் கிடைத்திருக்கும் எபிரேய வேதச் சுவடிகளில் இதுவே மிகப் பழையது. முன்பு லெனின்கிராட் எனப்பட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இப்போது இருக்கிறது. கம்பளம் விரித்தாற்போல 16 அலங்காரப் பக்கங்கள் அதில் உண்டு. ஒரு பக்கத்தின் நடுவே அறுகோண நட்சத்திரம். அதன் விளிம்புகளில் எழுதியவர் பெயர், உள்ளே ஓர் ஆசி. வட்டமும் கட்டமும் கொடியுமாக, அக்கால எகிப்தின் குர்ஆன் சுவடிகளுக்கு அவை நெருங்கிய உறவு.

சரி, உருவத்துக்கு அஞ்சித்தான் வடிவக் கணிதத்தோடு நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோமா? அதுவும் பொருந்தவில்லை. 13-ஆம் நூற்றாண்டு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் வந்தால் அதே மசோரா சிங்கமாகிறது, பறவையாகிறது, டிராகன் ஆகிறது. சுற்றியிருந்த கிறிஸ்தவச் சுவடிகளில் உலவிய அதே மிருகங்கள். எந்த ஊரில் வாழ்ந்தார்களோ அந்த ஊரின் கண் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. இதை ஒருவர் கண்டிக்கவும் செய்தார்: 1217-இல் இறந்த, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகர ரபி (யூத மதகுரு) யூதா. மசோராவைப் பறவையாகவும் மிருகமாகவும் மரமாகவும் எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் முன்கூட்டியே நிபந்தனை போடச் சொல்கிறது அவருடையதாக வழங்கும் அறிவுரை. அவர் சொன்ன காரணம்தான் முக்கியம்: அப்படி எழுதினால் குறிப்பைப் படிப்பது எப்படி? படிக்க முடியாதே என்பதுதான் அவருடைய கவலை.

உருவத் தயக்கமே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 1300 வாக்கில் தெற்கு ஜெர்மனியில் உருவான, யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கான ஒரு நூலில் மனிதர்களுக்குப் பறவைத் தலை வரைந்திருக்கிறார்கள். ஆனால் சிரியாவின் துரா யூரோப்பஸில் 3-ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயச் சுவர் முழுக்க மோசேயும் தாவீதும் நிற்கிறார்களே! பிற்காலத்தில் இதே நுண்ணெழுத்தால் ரபிகளின் முகங்களையும் யூத தேசிய இயக்கத் தலைவர் தியோடர் ஹெர்சலின் முகத்தையும் வரைந்தார்கள். தடையைச் சுற்றிப் போகப் பிறந்த கலை என்றால் முகத்தில் வந்து முடியுமா?

அப்புறம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படம் தபால்தலை அளவே இருந்தது. அதில் கோடு தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. எழுத்து தெரியாவிட்டால் இந்தக் கலையில் பார்க்க என்ன மிச்சம்? அடுத்த இதழில் லெனின்கிராட் சுவடியின் நட்சத்திரப் பக்கத்தை முழுப் பக்கமாக வெளியிடுங்கள். ஒரு மூலையை மட்டும் பல மடங்கு பெரிதாக்கிப் பக்கத்திலேயே போடுங்கள். வாசகர்கள் தாங்களே ஒரு வரியைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி