கேள்விக்கு நான்கு நிமிடம்

பூங்காத் தன்னார்வலர் குழுவினருக்கு,

வணக்கம். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை மாலை நீங்கள் நடத்துகிற இயற்கைப் பேச்சுக்கு ஏழு மாதமாகத் தவறாமல் வந்துகொண்டிருப்பவன் நான். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் கிழவர் என்றால், நாற்காலி போடும் தம்பிக்கு நினைவு வரும். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். ஐப்பசி மாதக் கூட்டத்தில் நடந்த ஒன்று இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது. நேரில் சொன்னால் குரல் உயர்ந்துவிடும் என்று என் மனைவி சொன்னதால் எழுதுகிறேன்.

அன்று பேச்சு குளத்துப் பறவைகளைப் பற்றி. வந்திருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. நன்றாகவே பேசினார். நத்தைகுத்தி நாரையின் படத்தைத் திரையில் காட்டி, அதன் இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டினார். முன்வரிசையில் இருந்த சின்னப் பையன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் அதற்கு வாயை மூடவே முடியாதா?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. பேசியவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம், "பாட்டி, பாக்குவெட்டியைக் கொஞ்சம் தருகிறீர்களா?" என்று கேட்டு வாங்கினார். அதை மடக்கிப் பிடித்து, நுனி சேர்ந்திருப்பதையும் நடுவில் சந்து இருப்பதையும் பையனுக்குக் காட்டினார். நாரைக் குஞ்சுக்கு இந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும் என்றார். அலகின் நுனியை நத்தை ஓட்டுக்குள் விட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் தசையை அறுத்து இழுத்துவிடும் என்றார். பையன் பாக்குவெட்டியைக் கையில் வாங்கித் திறந்து திறந்து மூடினான். பாட்டிக்கு அது திரும்பக் கிடைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. உங்கள் கூட்டங்களில் நான் கண்ட மிக நல்ல பத்து நிமிடம் அதுதான். அதை ஆரம்பித்து வைத்தது ஒரு கேள்வி.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. துலாமழை, அதுவும் தகரக் கூரை. ஒலிபெருக்கியில் பேசியும் பாதி கேட்கவில்லை. பேச்சு முடிந்து, "கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்று அறிவித்தபோது நான்காவது வரிசையில் ஒருவர் எழுந்தார். வேட்டியில் சேறு காயவில்லை. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, இரண்டு ஏக்கர் எடுத்துக் கும்பப்பூப் பருவ நெல் நட்டிருக்கிறார் என்பதைப் பிற்பாடு பஸ் நிறுத்தத்தில் தெரிந்துகொண்டேன். அவர் கேட்டது இதுதான்: "நீலக்கோழி நாற்றையெல்லாம் கடித்துப் போடுகிறது. அடிக்கக் கூடாது என்கிறீர்கள். சரி. நான் என்ன செய்ய?"

மேடையில் ஒரு கணம் குழப்பம். திரையில் காட்டியபோது அதன் பெயர் நீலத் தாழைக்கோழி. அவர் சொன்னது நீலக்கோழி. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். பேசியவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ஒலிபெருக்கியை வாங்கி, "அண்ணாச்சி, நேரம் ஆகிவிட்டது. அழகான பறவைக்குக் கொஞ்சம் நெல் கொடுத்தால் என்ன, புண்ணியம்தானே" என்றார். கைதட்டினார்கள். உடனே வினாடி வினாப் பரிசு வழங்கத் தொடங்கிவிட்டார்கள். அண்ணாச்சி உட்காரவில்லை. அப்படியே நடந்து வெளியே மழையில் இறங்கிவிட்டார்.

கை தட்டியவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

நீலக்கோழி நாற்றைத் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். குருத்தின் அடியைக் கடித்து, ஒரு காலால் கிளி பழத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்து, மெதுவான வெள்ளைத் தண்டை மட்டும் தின்றுவிட்டு மீதியைத் தண்ணீரில் போட்டுவிடும். தின்றது விரற்கடை, கெடுத்தது ஒரு முழு நாற்று. விடியற்காலையில் ஒரு கூட்டம் இறங்கினால் வயலில் பொட்டல் பொட்டலாக இடைவெளி விழும். சம்பும் கோரையும் அடர்ந்த குளக்கரைக்கு ஒட்டிய வயல்தான் அதற்கு வசதி. பயந்தால் ஒளிந்துகொள்ள இடம் பக்கத்திலேயே இருக்கிறதே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை அடிப்பதும் பிடிப்பதும் குற்றம். ஆகவே பழைய கேசட் நாடாவை வரப்புக்கு வரப்பு இழுத்துக் கட்டுகிறார்கள். காற்றில் அது விம்மும். சில நாள் பயப்படும், பிறகு பழகிவிடும். சிலர் வலை கட்டுகிறார்கள், அதில் வேறு பறவைகள் சிக்கிச் சாகின்றன. அந்த மனிதர் வலை கட்டவில்லை. உங்களிடம் கேட்க வந்தார். மழையில், இரண்டு பஸ் மாறி.

இதில் எனக்கு ஒரு வாதம் உண்டு. நம் குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஏறத்தாழ 94 ஹெக்டேர். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவை காட்டு ஏரிகள் அல்ல, பாசனக் குளங்கள். பறவைக்காக யாரும் அவற்றை வெட்டவில்லை, நெல்லுக்காக வெட்டினார்கள். நெல் இருப்பதால்தான் கரை இருக்கிறது, மடை இருக்கிறது, தண்ணீர் நிற்கிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையையும் பெருஞ்சாணியையும் ஜூன் மாதம் கன்னிப்பூப் பருவ நெல்லுக்கென்று திறக்கிறார்கள், கூழைக்கடாவுக்கென்று அல்ல. அந்தத் தண்ணீர் கால்வாய் கால்வாயாக வந்து நாஞ்சில் நாட்டு ஏலாக்களை, அதாவது நெல்வயல் வெளிகளை, நனைக்கிறது. பறவைக்கு 94 ஹெக்டேரின் எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. கொக்கும் நாரையும் அரிவாள் மூக்கனும் பகலெல்லாம் மேய்வது சுற்றுவட்டார வயல்களில். வயல் போய் வாழையோ தென்னையோ வீட்டுமனையோ வந்தால் குளம் மட்டும் நின்று என்ன செய்யும்? ஆக, அன்று நீங்கள் புண்ணியக் கணக்குச் சொல்லி அனுப்பிவைத்தவர் பறவைக்குச் சோறு போடுகிற ஆள். அவர் இரண்டு ஏக்கரையும் விட்டுவிட்டுப் போனால் நஷ்டம் நீலக்கோழிக்கும்தான்.

ராம்சார் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆவணிக் கூட்டத்தில் அந்தச் சொல் இருபது தடவையாவது வந்திருக்கும். திரும்பும்போது என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த ராம் சார் எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்?" சத்தியமாக அவர் கேலி செய்யவில்லை. குளத்துக்கு நல்லது செய்த ஏதோ ஓர் ஆசிரியரின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். ஈரானில் காஸ்பியன் கடற்கரையில் இருக்கும் ஊர் அது, 1971 பிப்ரவரி 2-இல் அங்கேதான் ஈரநில உடன்படிக்கை கையெழுத்தானது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அதை அங்கேயே கேட்டிருக்கலாமே" என்றேன். "எல்லாருக்கும் தெரிந்திருக்குமோ என்று வெட்கமாக இருந்தது" என்றார். அவருக்கு வெட்கம் தெளியவே ஐந்து நிமிடம் வேண்டும். நீங்கள் கொடுப்பது நான்கு.

நான்கு என்று சும்மா சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த பழக்கம், ஐப்பசிக் கூட்டத்தையும் குறித்து வைத்தேன். நாலு மணிக் கூட்டம் நாலு இருபத்தைந்துக்குத் தொடங்கியது. வரவேற்புரை ஒன்பது நிமிடம். ஐந்து பேருக்குப் பொன்னாடை, அதற்குப் படம் எடுக்க ஏழு நிமிடம். சிறப்பு விருந்தினர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றி. அதில் ஒரு பறவையும் பறக்கவில்லை. உண்மையான பேச்சு நாற்பது நிமிடம். கேள்விக்கு நான்கு. பரிசளிப்பும் நன்றியுரையும் மீண்டும் இருபது. பொன்னாடையை ஒழித்தாலே அண்ணாச்சிக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

புரட்டாசியில் வந்த அக்காவையும் விட்டுவிட முடியாது. மகளின் ஓவியப் போட்டிக்காகக் கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவர், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. பேச்சு 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நம் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைப் பற்றி. இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்போது யானை எதிரே நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். "யானை நம் இடத்துக்கு வரவில்லை, நாம்தான் அதன் இடத்துக்குப் போகிறோம்" என்று பதில் வந்தது. அதற்கும் கைதட்டல். வாக்கியம் உண்மைதான். ஆனால் அவர் ஆசைக்காக இருட்டில் போகவில்லை. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியும் முன்னே வெட்டியாக வேண்டும். அவர் கேட்டது யாருடைய இடம் என்பதை அல்ல, எந்தப் பக்கம் நகர்வது என்பதை. மறுநாள் காலையும் அவர் அதே தோட்டத்துக்குப் போயிருப்பார், அதே கேள்வியோடு. (ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தைப் பற்றி ஒரு பெண் கேட்கத் தொடங்கியபோது மின்சாரம் போனது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.)

என் தொழிலில் முதலில் கற்றது ஒன்று. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இருந்தாலும் ஏறுகிற பத்துப் பேரில் ஆறு பேர், "இது பூதப்பாண்டி போகுமா?" என்று கேட்பார்கள். எரிச்சல் வரும். ஆனால் பலகையைப் பார் என்று சொல்லக் கூடாது. ஒருவருக்குக் கண்ணாடி இருக்காது, ஒருவருக்கு எழுத்து வராது, ஒருவருக்கு வாய்வார்த்தையாக உறுதி வேண்டும். இன்னொன்றும் உண்டு. புதிய தடத்தில் போட்ட முதல் வாரம் ஒரு பெரியவர் ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, நிற்குமா என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, நிற்கும் என்றேன். நிற்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டி, விளக்கில்லாத இடத்தில் அவரை இறக்கிவிட வேண்டியதாயிற்று. இறங்கும்போது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவிருந்திருக்காது. நீலக்கோழிக் கேள்விக்கு, "எனக்குத் தெரியவில்லை அண்ணாச்சி, விசாரித்து அடுத்த மாதம் சொல்கிறேன்" என்று மேடையிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் அவர் அன்று பரிசளிப்பு முடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள் என்பதை அறிவேன். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு காகிதக் கோப்பைகளைப் பொறுக்கி, தரையைக் கூட்டி, நாற்காலியை அடுக்குகிறீர்கள். சுண்டலை வாழையிலைத் துண்டில் கொடுப்பது யாருடைய யோசனையோ, அவர் கை நீடூழி வாழட்டும். அதனால்தான் கேட்கிறேன். சிறப்பு விருந்தினரை நிறுத்திவிடுங்கள். வந்தே தீருவார் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள், அவருக்கும் நல்லது. அரைமணி நேரம் கேள்விக்கு ஒதுக்குங்கள். கேள்வி நேரத்தில் ஒலிபெருக்கி மேடையில் இருக்க வேண்டாம், கூட்டத்துக்குள் வரட்டும். நம்மூரில் பின்வரிசை ஆள் முன்னால் போய்ப் பேசமாட்டான். பதில் தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தை அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள். பறவை ஆர்வலருக்குத் தெரியாதது வேளாண் அலுவலருக்குத் தெரியலாம், வனத்துறைக் காவலருக்குத் தெரியலாம், ஏன், பக்கத்து வரப்புக்காரருக்கே தெரியலாம். யாருக்குமே தெரியாது என்றால் அதையும் அந்த மேடையில் சொல்லலாம்.

ஒரு கூட்டத்தையாவது ஜூன் மாதம் குளக்கரையில் வையுங்கள். மடை திறந்து தண்ணீர் இறங்கும் நேரம். வலசைப் பறவை இருக்காது, திரையும் இருக்காது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் இருக்கும், வயல்காரர்களும் இருப்பார்கள்.

நோட்டை நானே வாங்கி வைத்திருக்கிறேன், நூறு பக்கம், கோடு போட்டது. எழுதவும் நான் தயார். டிக்கெட் கிழித்த கை, வேகமாக எழுதும். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளையும் எழுதிவிட்டேன்: நீலக்கோழி, யானை, பொழிமுகம். பால்வெட்டும் அக்காவையும் மணக்குடிப் பெண்ணையும் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை, ஓவியப் போட்டிப் பதிவேட்டில் உங்களிடம் முகவரி இருக்கலாம். அண்ணாச்சியின் ஊர் எனக்குத் தெரியும். கார்த்திகைக் கூட்டத்துக்கு வருவாரா என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "நடவு பிழைத்தால் பார்க்கலாம்" என்றார். வந்தால் மூன்றரை மணி பஸ்ஸில் வருவோம். அந்தப் பஸ் சில நாள் பத்து நிமிடம் தாமதமாகும், எங்களுக்காக வரவேற்புரையை நீட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கடைசி வரிசை, தூண் ஓரம்
ஓய்வுபெற்ற நடத்துநர்